காப்புக்காட்டின் எல்லையும் ஆமாவின் ஆண்டும்: சேர்வராயன் மலையை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மலைப்பகுதிகளில் பருவந்தோறும் இடம்பெயர்ந்து மேயும் காட்டு விலங்குகளை இயற்கைக் காப்பகங்கள் எந்த அளவிற்குக் காக்கின்றன என்னும் வினாவைச் சேர்வராயன் மலையின் காட்டெருமையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. முக்குருத்தி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய மூன்று மலைச்சூழல்கள் ஒப்பிடப்படுகின்றன. அறிவிக்கப்பட்ட பரப்பைக் கொண்டு காப்பகத்தின் பயனை அளப்பது போதாது. விலங்கின் ஓராண்டு வாழ்வில் எந்தெந்தப் பருவங்கள் அவ்வெல்லைக்குள் அடங்குகின்றன என்பதே உரிய அளவுகோல் என்பது இக்கட்டுரையின் கருத்து. இவ்வளவுகோலின்படி, சேர்வராயன் மலையில் காட்டெருமைக்கு உண்மையான புகலிடம் தருவது சட்டத்தின் கணக்கில் வராத தனியார் காப்பித் தோட்டமே என்பதும், அப்புகலிடத்தை உறுதிப்படுத்தச் சரணாலய அறிவிப்பைவிடச் சமுதாயக் காப்பக முறையே பொருத்தமானது என்பதும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆமா, காட்டெருமை, காப்புக்காடு, சேர்வராயன் மலை, வழித்தடம், சமுதாயக் காப்பகம்.

முன்னுரை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் உள்ள சமவெளியில் தொடங்கும் அச்சாலை, வறண்ட முட்புதர்க் காட்டையும் இலையுதிர் காட்டையும் கடந்து, 1,500 மீட்டர் உயரத்தில் காப்பித் தோட்டங்களின் நிழலை அடைகிறது. சுற்றுலாப் பயணிக்கு இது ஒரு மணி நேரக் காட்சிமாற்றம். மேயும் விலங்குக்கோ இந்த உயர வேறுபாடுதான் ஆண்டு முழுவதற்குமான உணவு ஏற்பாடு. மழை தொடங்கிய சில வாரங்களில் கீழ்ச்சரிவுகளில் புல் தளிர்க்கிறது. கோடையில் அச்சரிவுகள் காய்ந்துவிட, நீரும் பசுமையும் மேல்நிலங்களில் எஞ்சுகின்றன. புல் எங்கே இளமையாக இருக்கிறதோ அங்கே விலங்கு செல்கிறது.

வலசை என்னும் சொல் இன்று பெரிதும் பறவைகளுக்கே வழங்குகிறது. கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் நெடும்பயணத்தையே அச்சொல் நினைவூட்டுகிறது. மலையில் மேயும் விலங்கின் வலசை வேறு வகையானது. அது சில கிலோமீட்டர் தொலைவிலேயே நிகழலாம். ஆனால் அச்சில கிலோமீட்டர்களில் விலங்கு வேறொரு தட்பவெப்பத்துக்குள் சென்றுவிடுகிறது. தொலைவு குறைவாக இருப்பதனாலேயே இவ்விடப்பெயர்வு கவனத்துக்கு வருவதில்லை. ஒரே மலையில் இருக்கும் விலங்கு ஒரே இடத்தில் இருப்பதாகவே நிலவரைபடமும் நிர்வாகமும் கருதிவிடுகின்றன. காப்பகங்கள் குறித்த நம் மதிப்பீடு பிழைபடத் தொடங்கும் இடம் இதுவே.

பெயரும் உறவும்

இவ்விலங்கைக் காட்டெருமை என்று வழங்குகிறோம். விலங்கியல் அடிப்படையில் இப்பெயர் பொருந்தாது. இது எருமை இனத்தைச் சேர்ந்ததன்று; வீட்டு மாட்டின் பேரினத்தைச் சேர்ந்த காட்டு மாடு. வளர்ந்த காளை ஆயிரம் கிலோ எடையை நெருங்கும். சங்க இலக்கியம் வழங்கும் 'ஆமா' என்னும் பெயர் இவ்வுறவைச் சரியாகவே காட்டுகிறது. 'ஆ' என்பது பசு. 'மா' என்பது விலங்கு. திருமுருகாற்றுப்படையின் நிறைவில், பழமுதிர்சோலையின் அருவி வீழும் காட்சியில், கரடி மலைப்பிளவில் ஒடுங்க, ஆமாவின் ஏறு முழங்குவதாகக் காட்டப்படுகிறது. குறிஞ்சி நிலத்தின் ஒலிகளில் ஒன்றாகவே அம்முழக்கம் அங்கு இடம்பெறுகிறது.

செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம் இன்னும் நுட்பமான ஒரு செய்தியைத் தருகிறது. தன் கூட்டத்தைப் பிரிந்த வீட்டு மாட்டின் ஏறும், மலையுச்சியிலிருந்து இறங்கிவந்த மரையான் ஏறும் மோதிக்கொள்ள, கோவலரும் குறவரும் சேர்ந்து ஆரவாரிக்கின்றனர். மரையான் எவ்விலங்கு என்பது விவாதத்துக்குரியது. ஆயினும், மேலிருந்து காட்டு விலங்கும் கீழிருந்து வீட்டு விலங்கும் வந்து சந்திக்கும் இடைநிலம் ஒன்று மலையில் உண்டு என்பதையும், அங்கே இருவகை மக்கள் கூடியிருந்தனர் என்பதையும் அப்புலவர் அறிந்திருந்தார். இந்த இடைநிலமே இன்றைய பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெறாத நிலம்.

பெயர் பற்றிய இக்குறிப்புக்கு நடைமுறைப் பயனும் உண்டு. வீட்டு மாட்டுக்கு உறவான விலங்கு வீட்டு மாட்டின் நோய்களுக்கும் ஆட்படும். 1968இல் முதுமலை, பந்திப்பூர் காடுகளில் வெக்கை நோய் பரவியபோது காட்டெருமைகள் பெருமளவில் மடிந்தன. அவை காப்பக எல்லைக்குள் இருந்தவை. வேட்டையைத் தடுத்த எல்லையால் நோயைத் தடுக்க இயலவில்லை. வெக்கை நோய் உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. அவ்வெற்றி கால்நடைகளுக்குப் போடப்பட்ட தடுப்பூசியால் கிடைத்தது. காட்டு மாட்டைக் காத்த பெரும் நடவடிக்கைகளுள் ஒன்று காட்டுக்கு வெளியே, ஊர்த் தொழுவங்களில் நிகழ்ந்தது என்பதைக் காப்பகம் குறித்த எந்த மதிப்பீடும் மறக்கக்கூடாது.

'காப்பு' என்னும் சொல்

சேர்வராயன் மலையில் தேசியப் பூங்காவும் இல்லை, சரணாலயமும் இல்லை. அங்குள்ளவை காப்புக்காடுகள். இச்சொல்லைக் கேட்கும் தமிழ் வாசகர் காடும் அதில் வாழும் உயிர்களும் காக்கப்படுவதாகவே பொருள் கொள்வார். ஆனால் காப்புக்காடு என்னும் சட்டவகை 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்திலிருந்து வருவது. அச்சட்டத்தில் அச்சொல்லின் பொருள், அரசுக்கென ஒதுக்கப்பட்ட காடு என்பதே. மரம், வருவாய், விறகு, மேய்ச்சல் உரிமை ஆகியவற்றை முறைப்படுத்துவதே அதன் முதன்மை நோக்கம். ஒதுக்கீடு என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் தமிழில் 'காப்பு' ஆனபோது, சட்டம் தராத ஒரு வாக்குறுதியை மொழி தந்துவிட்டது.

காட்டெருமைக்கான சட்டப் பாதுகாப்பு வேறோர் இடத்திலிருந்து வருகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனை முதல் அட்டவணையில் வைத்துள்ளது. எங்கிருந்தாலும் அதனை வேட்டையாடுவது கடுங்குற்றம். இப்பாதுகாப்பு விலங்கின் உடலைத் தொடர்ந்து செல்கிறது. ஆனால் அது நடக்கும் நிலத்தையும் குடிக்கும் நீரையும் மேயும் புல்லையும் இப்பாதுகாப்பு தொடர்வதில்லை. ஆக, ஒரு சட்டம் நிலத்தைக் காக்கிறது. ஆனால் விலங்கை முன்வைத்து அன்று. மற்றொரு சட்டம் விலங்கைக் காக்கிறது. ஆனால் அதன் வழியைச் சேர்த்து அன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் ஏற்காட்டின் காட்டெருமை வாழ்கிறது.

செய்தி மொழியும் இவ்வெளியைத் தன் போக்கில் நிரப்புகிறது. காட்டெருமை தோட்டத்திலோ சாலையிலோ தென்பட்டால் அது 'புகுந்தது' என்றும் 'அட்டகாசம்' செய்கிறது என்றும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. புகுதல் என்னும் வினை, கடக்கக்கூடாத ஓர் எல்லை முன்பே இருந்தது என்பதை வாதமின்றி நிலைநாட்டிவிடுகிறது. அவ்வெல்லையை யார், எப்போது, எந்த நோக்கத்துக்காக வரைந்தார்கள் என்னும் கேள்வி எழாமற் போகிறது. அதே வேளையில், விடியற்காலையில் தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளி காட்டெருமையால் தாக்கப்பட்டு உயிரிழக்கும் நிகழ்வை 'மோதல்' என்னும் பொதுச்சொல்லுக்குள் அடக்குவதும் நேர்மையன்று. விலங்கின்மீது குற்றம் சாட்டும் மொழியைக் கைவிடும்போது, இறந்தவரின் இழப்பைச் சிறிதாக்கும் மொழியையும் கைவிட வேண்டும்.

மூன்று மலைகள்

காப்பகம் எப்போது பயன் தருகிறது என்பதை அறியத் தமிழகத்தின் மூன்று மலைகளை ஒப்பிடலாம்.

முதலாவது முக்குருத்தி. 78.46 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இத்தேசியப் பூங்கா நீலகிரி வரையாட்டை முன்வைத்து அமைந்தது. வரையாட்டுக்குத் தேவையானவை இரண்டு: மேய்வதற்கு உயர்மலைப் புல்வெளி, தப்புவதற்குச் செங்குத்தான பாறை. முக்குருத்தியின் மேற்கு விளிம்பில் இவ்விரண்டும் அடுத்தடுத்து உள்ளன. இரண்டும் ஒரே எல்லைக்குள் அடங்குகின்றன. விலங்கின் ஆண்டு முழுவதையும் சிறு பரப்பே தாங்கிக்கொள்கிறது. கேரளத்தின் இரவிகுளத்துக்கும் இது பொருந்தும். தமிழக அரசு 2022இல் வரையாட்டுத் திட்டத்தை அறிவித்தது. 2024இல் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 வரையாடுகளும் 2025இல் 1,303 வரையாடுகளும் மதிப்பிடப்பட்டன. ஓராண்டு வேறுபாட்டை முழுமையாகப் பெருக்கம் என்று கொள்ளலாகாது. கணக்கெடுப்பின் வீச்சும் துல்லியமும் இத்தகைய எண்களைப் பாதிக்கும். ஆயினும், தன் இனத்துக்கென எல்லை வரையப்பட்ட மலை விலங்கு காக்கப்பட இயலும் என்பதற்கு வரையாடு சான்று. அங்கும் எல்லை மட்டும் போதவில்லை. சீகை முதலிய அயல்மரங்கள் புல்வெளியை விழுங்கியபோது காப்பகத்தின் பரப்பு குறையவில்லை. மேய்ச்சல் நிலம் குறைந்தது. புல்வெளியை மீட்பது வரையாட்டுத் திட்டத்தின் பணிகளுள் ஒன்றானமைக்கு இதுவே காரணம்.

இரண்டாவது கொடைக்கானல். 2013இல் 608.95 சதுர கிலோமீட்டர் பரப்பில் அங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. முக்குருத்தியைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு பரப்பு. இருப்பினும் கொடைக்கானல் நகரத் தெருக்களில் காட்டெருமை நடப்பது அன்றாடச் செய்தி. பரப்பு பெரிதாக இருந்தும் ஏன் இந்நிலை? நகரும் தோட்டங்களும் மேல்நிலத்தின் நீர்வளமும் சமதளமும் உள்ள இடங்களில் அமைந்துள்ளன. மேயும் விலங்குக்கு வேண்டியனவும் அவையே. உயர்நிலப் புல்வெளிகள் பலவும் முற்காலத்தில் சீகை, பைன் தோப்புகளாக மாற்றப்பட்டன. அத்தோப்புகளின் அடியில் புல் இல்லை. நகரின் திறந்த வெளிகளிலும் கைவிடப்பட்ட வயல்களிலும் புல் உண்டு. எல்லைக்கு உள்ளே மரமும் வெளியே புல்லும் இருக்கும்போது, மேய்விலங்கு வெளியே வருவதில் வியப்பில்லை.

மூன்றாவது ஏற்காடு. இங்கே காட்டெருமைக்கென வரையப்பட்ட எல்லையே இல்லை. ஏற்காடு வட்டத்தின் மொத்தப் பரப்பு 383 சதுர கிலோமீட்டர் அளவில், காப்புக்காடுகளையும் உள்ளிட்டது. மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா உண்டு. ஆனால் அது வேலிக்குள் வளர்க்கப்படும் விலங்குகளுக்கான இடம். மலையில் தன்போக்கில் நடக்கும் விலங்குக்கு அதனால் பயனில்லை. எனினும் காட்டெருமை சேர்வராயன் மலையிலிருந்து மறைந்துவிடவில்லை. சட்டம் ஒன்றும் செய்யாத இடத்தில் அதனைத் தாங்கி நிற்பது எது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

தலைகீழ் மலை

உலகின் பாதுகாக்கப்பட்ட நிலங்களில் பெரும்பகுதி உயரமான, செங்குத்தான, வேளாண்மைக்கு உதவாத இடங்களில் அமைந்துள்ளது என்பது சூழலியலில் நன்கறியப்பட்ட உண்மை. பயனில்லாத நிலத்தைக் காப்பகத்துக்குக் கொடுப்பது அரசுகளுக்கு எளிது. இதனால் மலையுச்சி காக்கப்பட, பள்ளத்தாக்கு வெளியே நிற்கிறது.

சேர்வராயன் மலையில் இவ்வமைப்பு தலைகீழாக உள்ளது. இங்கு உச்சி என்பது கூர்மையான சிகரமன்று, பரந்த மேட்டுநிலம். 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியர் எம்.டி. காக்பர்ன் காப்பியை இங்கு அறிமுகப்படுத்தியபின், அம்மேட்டுநிலத்தின் பெரும்பகுதி படிப்படியாகத் தனியார் தோட்டங்களாகியது. காப்புக்காடுகள் பெரும்பாலும் சரிவுகளில் எஞ்சின. மேட்டுநிலத்தின் சில பகுதிகளில் மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் தாதுவும் வெட்டியெடுக்கப்பட்டது. ஆக, அரசின் காடு வறண்ட சரிவிலும், நீரும் நிழலும் தனியார் மேட்டுநிலத்திலும் அமைந்தன.

இவ்வமைப்பை மேய்விலங்கின் ஆண்டோடு பொருத்திப் பார்த்தால் செய்தி தெளிவாகிறது. காட்டெருமை மழைக்காலத்தில் பெரிதும் புல்லையும், வறண்ட காலத்தில் இலை, தளிர், மரப்பட்டை ஆகியவற்றையும் நாடும். நாள்தோறும் நீர் வேண்டும். நண்பகலில் நிழல் வேண்டும். மழைக்காலத் தேவையைச் சரிவின் காப்புக்காடு நிறைவேற்றக்கூடும். ஆனால் அங்கும் உண்ணிச்செடி அடர்ந்த இடங்களில் புல் முளைப்பதில்லை. கோடைத் தேவையை நிறைவேற்றும் இடம், பலா, சில்வர் ஓக் முதலிய மரங்களின் நிழலில் ஓடைகளோடு கூடிய காப்பித் தோட்டமே. காப்பக எல்லை மழைக்கால விலங்கை உள்ளடக்கி, கோடைக்கால விலங்கை வெளியே விட்டிருக்கிறது. ஆண்டின் கடினமான மாதங்களில் எந்த நிலம் உயிரைத் தாங்குகிறதோ அந்நிலமே ஓர் இனத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. அந்த நிலம் இங்கே தனியார் பட்டாவில் உள்ளது.

தோட்டம் காட்டெருமையைத் தாங்குவது திட்டமிட்ட செயலன்று. நிழல்மரங்களின்கீழ் காப்பி வளர்க்கும் பழைய முறையின் துணைவிளைவு. ஆகவே அது நிலையானதும் அன்று. நிழல்மரங்கள் வெட்டப்பட்டால், ஓடை மறிக்கப்பட்டால், தோட்டம் மனைகளாகவும் விடுதிகளாகவும் பிரிக்கப்பட்டால், மின்வேலி எழுந்தால், அத்துணைவிளைவு ஒரே பருவத்தில் மறைந்துவிடும். ஏற்காட்டில் விடுதிகள் பெருகிவருவதை அனைவரும் அறிவர். அப்போதும் காப்புக்காட்டின் பரப்பில் ஒரு சதுர மீட்டர்கூடக் குறைந்திருக்காது. பரப்பைக் கொண்டு அளக்கும் அறிக்கையில் இவ்விழப்பு பதிவாகவே ஆகாது.

மலையைச் சுற்றியுள்ள நிலமும் கருதத்தக்கது. மேற்கே தொப்பூர்க் கணவாய் வழியாகத் தேசிய நெடுஞ்சாலையும், கிழக்கே மஞ்சவாடிக் கணவாய் வழியாக அரூர்ச் சாலையும், சேலத்திலிருந்து சோலார்பேட்டை செல்லும் இருப்புப்பாதையும் சேர்வராயனை அண்டை மலைகளிலிருந்து பிரிக்கின்றன. கிடைமட்டமாக வெளியேறும் வழிகள் குறுகக் குறுக, விலங்குக்கு எஞ்சுவது மேலும் கீழுமான வழி மட்டுமே. அவ்வழியும் அடைபட்டால் மலை ஒரு தீவாகிவிடும்.

பிற நாடுகளின் அனுபவம்

எல்லைக்கும் மேய்ச்சலுக்கும் இடையிலான இப்பொருத்தமின்மை நம் மலைக்கு மட்டும் உரியதன்று. 1872இல் அமைக்கப்பட்ட அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்கா, வெந்நீர் ஊற்றுகளையும் இயற்கை விந்தைகளையும் உள்ளடக்கி வரையப்பட்டது. அங்குள்ள பெருமான் கூட்டங்கள் பலவும் குளிர்காலத்தில் பனி குறைந்த தாழ்நிலங்களுக்கு, அதாவது பூங்காவுக்கு வெளியே இறங்குகின்றன. உலகின் முதல் தேசியப் பூங்காவே தன் மேய்விலங்குகளின் கோடையை மட்டும் காத்தது. எல்லோஸ்டோனில் குளிர்காலமும் சேர்வராயனில் கோடையும் எல்லைக்கு வெளியே விழுகின்றன. இரண்டிடத்தும் வெளியே விழுவது கடினமான பருவமே.

அதே பகுதியில் பிற்காலத்தில் எடுக்கப்பட்ட ஒரு நடவடிக்கை நமக்குப் பாடமாகும். கிராண்ட் டீட்டன் பூங்காவில் கோடையைக் கழிக்கும் கவைக்கொம்பு மான்கள் குளிர்காலத்துக்காக 160 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்கின்றன. 2008இல் அமெரிக்க வனத்துறை அப்பயணத்தில் தன் நிலத்தில் அமைந்த பகுதியை வழித்தடமாக அறிவித்தது. பூங்காவை விரிவாக்காமலே வழி அறிந்தேற்கப்பட்டது. வழியில் குறுக்கிட்ட நெடுஞ்சாலையின்மேல் விலங்குகள் கடக்கப் பாலங்களும் பின்னர் அமைக்கப்பட்டன. பாதுகாப்பின் அலகு நிலத்துண்டு என்பதிலிருந்து பயணம் என்பதற்கு மாறியதே இதன் சிறப்பு.

இந்தியாவில் இத்தகைய அறிந்தேற்பு யானைக்குக் கிடைத்துள்ளது. நீலகிரியின் சீகூர் மேட்டுநிலத்தில் யானை வழித்தடத்தை அறிவித்த 2010ஆம் ஆண்டு அரசாணையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. அங்கும் வழியில் இருந்தவை தனியார் நிலங்களும் விடுதிகளுமே. வழி என்பது சட்டம் காணத்தக்க பொருள் என்பது அத்தீர்ப்பால் நிலைபெற்றது. ஆனால் யானை தன் உருவத்தாலும் சமயச் சிறப்பாலும் பெற்ற கவனத்தைக் காட்டெருமை பெறவில்லை. அதன் வழியோ குறுகியது, செங்குத்தானது, பட்டா நிலங்களின் ஊடே பல கிளைகளாகப் பிரிவது. யானைக்குரிய வழித்தட மாதிரியை அப்படியே பெயர்த்து இங்கு நடுவதும் இயலாது.

சரணாலயம் தீர்வாகுமா?

அப்படியாயின் சேர்வராயன் மலையைச் சரணாலயமாக அறிவித்துவிடலாமே என்னும் கருத்து எழலாம். அண்மையாண்டுகளில் தமிழகம் இவ்வழியில் விரைந்து சென்றுள்ளது. 2022இல் காவிரி தெற்குச் சரணாலயமும், 2024இல் ஈரோடு மாவட்டத்தின் மலைகளில் தந்தை பெரியார் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. தொடர்ச்சியான பெருங்காடுகளை இணைக்கும் இடங்களில் இவற்றின் பயன் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் சேர்வராயனில் இம்முறை இரு காரணங்களால் இடறும்.

முதற்காரணம் மேலே கூறப்பட்டது. சரணாலயம் நடைமுறையில் அரசின் காட்டையே முதலில் உள்ளடக்கும். அதாவது ஏற்கெனவே காப்புக்காடாக உள்ள சரிவையே பெயர் மாற்றும். கோடைக்கால மேட்டுநிலம் அப்போதும் வெளியே நிற்கும். கொடைக்கானலின் நிலை இங்கும் நேரும்.

இரண்டாம் காரணம் மக்கள். சேர்வராயன் மலையின் தொல்குடிகள் மலையாளிப் பழங்குடியினர். தமிழ் பேசுவோர், காஞ்சியிலிருந்து மலையேறியவர் என்று தம் மரபுக்கதையில் கூறிக்கொள்வோர். தோட்டங்கள் மேட்டுநிலத்தைக் கொண்டபோதும், காப்புக்காடுகள் சரிவைக் கொண்டபோதும் நிலமும் உரிமையும் சுருங்கியது இவர்களுக்கே. மூன்றாவதாகச் சரணாலய எல்லையும் வருமாயின், மேய்ச்சல், சிறுவனப்பொருள் ஆகியவற்றின் மீதான கட்டுப்பாடு மீண்டும் இவர்கள்மீதே விழும். மேட்டுநிலத் தோட்ட உரிமையாளர்மீது விழாது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்கு விதித்த தடை, பின்னர் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டுமாகத் திருத்தப்பட்டது. அதனால், சரணாலயம் என்னும் பெயர்மாற்றமே மேய்ச்சல் தடையையும் உடன் கொண்டுவரும் என்னும் அச்சம் மலைமக்களிடம் வலுப்பெற்றது. பர்கூர் மலையில் சரணாலய அறிவிப்புக்கு எழுந்த எதிர்ப்பை இப்பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். காட்டெருமைக்குப் புகலிடம் தரும் நிலத்தைத் தொடாமல், அதனோடு வாழும் எளியவரை மட்டும் தொடும் சட்டம் நீதியானதும் அன்று, பயனுள்ளதும் அன்று.

மறுபுறம், தோட்டமே விலங்கைக் காத்துக்கொண்டிருக்கும்போது சட்டம் எதற்கு என்போரும் உளர். தோட்டம் தருவது இடம் மட்டுமே. அதற்கான விலையைக் கொடுப்பவர் வேறு. பயிரை இழக்கும் சிறுவிவசாயியும், பனிமூட்டத்தில் ஒற்றைக் காளையை எதிர்கொள்ளும் தொழிலாளியும்தான் அவ்விலையைக் கொடுக்கின்றனர். ஒப்பந்தமற்ற புகலிடத்தில் பொறுப்பும் எவருக்கும் இல்லை.

செய்யத்தக்கவை

இவ்விரு நிலைகளுக்கும் இடையே சட்டத்தில் ஒரு வழி ஏற்கெனவே உள்ளது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 36சி பிரிவு, தனியார் அல்லது சமுதாய நிலத்தை அதன் உரிமையாளர் தாமே முன்வந்தால் சமுதாயக் காப்பகமாக அறிவிக்க இடமளிக்கிறது. உரிமை மாறுவதில்லை, ஊரின் பிரதிநிதிகளுக்கு இடமளிக்கும் குழு அதனை நிர்வகிக்கிறது. அறிவித்தபின் அக்குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இன்றி நிலப்பயன்பாட்டை மாற்ற இயலாது. காப்பி விளையலாம், மனைப்பிரிவு எழாது. மேட்டுநிலத்துக்கு வேண்டிய பாதுகாப்பு ஏறக்குறைய இதுவே. 2022இல் மான்ட்ரியலில் ஏற்கப்பட்ட உலகப் பல்லுயிர் உடன்படிக்கையும், 2030க்குள் நிலத்தில் முப்பது விழுக்காட்டைக் காக்கும் இலக்கில் சரணாலயம் அல்லாத பிற பயனுள்ள பாதுகாப்பு முறைகளுக்கு இடமளித்துள்ளது.

ஆனால் இவ்வறிவிப்பும் பரப்பைக் கூட்டிக் காட்டும் எண்ணாகிவிடக் கூடாது. அதற்கு முன்னதாகச் செய்யவேண்டியது விலங்கின் ஆண்டை வரைபடமாக்குவது: அடிவாரம், சரிவு, மேட்டுநிலம் என்னும் மூன்று உயர அடுக்குகளில், ஒவ்வொரு பருவத்திலும் மந்தைகள் எங்கே நீர் குடிக்கின்றன, எங்கே கடக்கின்றன என்னும் பதிவு. இப்பதிவைச் செய்யத் தகுதியானோர் அன்றாடம் அவ்வழிகளில் நடக்கும் மலையாளி மக்களும் தோட்டத் தொழிலாளருமே. அவர்களைத் தகவலாளிகளாக மட்டும் கொள்ளாமல் ஊதியம் பெறும் ஆய்வுப் பங்காளிகளாகக் கொள்ளவேண்டும். வரைபடம் கிடைத்தபின், காப்பி அறுவடை நடக்கும் குளிர்மாதங்களில் தொழிலாளர் செல்லும் நேரத்தையும் பாதையையும் மந்தையின் நேரத்தோடு மோதாமல் வகுக்க இயலும். கடக்கும் இடங்களில் மின்வேலியைத் தவிர்ப்பதும், ஓடைக்கரையைத் திறந்துவைப்பதும், சரிவுகளில் உண்ணிச்செடியை அகற்றிப் புல்லை மீட்பதும் அதன் தொடர்ச்சி. அடிவார ஊர்களின் மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசியைத் தவறாமல் போடுவதைக் கால்நடைத் துறையின் பணியாக மட்டும் கருதாமல், காட்டு மாட்டின் பாதுகாப்புச் செலவில் ஒரு பகுதியாகவே கணக்கிடவேண்டும்.

முடிவுரை

மலையில் மேயும் விலங்குகளை இயற்கைக் காப்பகங்கள் காக்கின்றனவா என்னும் வினாவுக்கு ஒற்றை விடை இல்லை. விலங்கின் ஆண்டு எல்லைக்குள் அடங்கும் முக்குருத்தியில் காக்கின்றன. ஆண்டின் ஒரு பகுதி மட்டும் அடங்கும் கொடைக்கானலில் அரைகுறையாகக் காக்கின்றன. சேர்வராயனில் காப்பகம் என்னும் பெயரே இல்லாத நிலம் அப்பணியைச் செய்துவருகிறது. அதற்கு உறுதியும் இல்லை, ஊதியமும் இல்லை. எனவே ஒரு மலைக் காப்பகத்தைப் பற்றிய அறிக்கை எவ்வளவு பரப்பு அறிவிக்கப்பட்டது என்பதோடு நின்றுவிடக் கூடாது. மாசி முதல் வைகாசி வரை விலங்கு எங்கே நீர் குடித்தது, அந்நீர் யாருடைய நிலத்தில் இருந்தது, அந்நிலத்துக்கு அடுத்த ஆண்டும் அவ்வாறே இருக்கும் கடப்பாடு உண்டா, அவ்வழியில் காலையில் நடந்துசென்ற தொழிலாளி பாதுகாப்பாக வீடு திரும்பினாரா என்னும் நான்கு கேள்விகளுக்கு அது விடை கூறவேண்டும். ஏற்காட்டைப் பொறுத்தவரை முதலிரு கேள்விகளுக்கான விடையை மலைமக்கள் அறிவர். பின்னிரண்டுக்கும் விடை தரவேண்டிய பொறுப்பு அரசுக்கும் தோட்ட உரிமையாளர்க்கும் உரியது.